ஊடு வெளங்காததற்கு ஒருவரே காரணமா? குடும்பப் பழியைச் சுமந்தவர்களுக்கு இணையம் தரக்கூடியதும் தர இயலாததும்

"இது பொறந்ததுல இருந்தே ஊடு வெளங்கல" என்ற வாக்கியம் கொங்கு நாட்டுக்காரர் காதுக்குப் புதிதல்ல. கிணறு வற்றினாலும், தறி நின்றாலும், மூத்தவளுக்குக் கூடி வந்த சம்பந்தம் தட்டிப் போனாலும், அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிந்தாலும், சில வீடுகளில் விரல் நீளும் திசை மட்டும் மாறுவதே இல்லை. எங்கள் வளவில் அந்தத் திசையில் என் அத்தை இருந்தார். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கியிருந்த அவர், அந்த வீட்டில் காணாமல் போன ஒவ்வொரு பொருளுக்கும், நொடித்துப் போன ஒவ்வொரு முயற்சிக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். ஏன் எப்போதும் அவரே என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கான சொல்லும் அப்போது எங்களிடம் இல்லை.

இன்று அந்தச் சொல் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் தோல்விகளையும் வெட்கங்களையும் கோபத்தையும் ஒரே உறுப்பினர் மேல் இறக்கி வைத்து, அவரைத் தொடர்ந்து குற்றவாளியாகவே நடத்துவதை அமெரிக்க உளவியல் சிகிச்சையாளர் ரெபெக்கா மாண்டவில் 'ஃபேமிலி ஸ்கேப்கோட்டிங் அப்யூஸ்' என்று பெயரிட்டு எழுதிவருகிறார். பெயர் புதியது என்றாலும் கவனிப்பு பழையது. எஸ்ரா வோகல், நார்மன் பெல் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1960இலேயே, பெற்றோருக்கு இடையில் பேசித் தீர்க்கப்படாத மோதல் ஒரு குழந்தையின் மேல் எப்படி இறங்குகிறது என்பதையும், அந்தக் குழந்தை 'கோளாறான பிள்ளை' ஆவதால் மற்றவர்கள் எப்படி நிம்மதியாக வாழ முடிகிறது என்பதையும் விளக்கியிருந்தார்கள். குடும்பத்தை ஒரே அமைப்பாகப் பார்க்கச் சொன்ன அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவென், பெற்றோர் தங்கள் பதற்றத்தைப் பிள்ளை மேல் சாற்றும் இந்தப் போக்கைத் தம் கோட்பாட்டின் முக்கியப் பகுதியாகவே வைத்தார்.

'ஸ்கேப்கோட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் விவிலியத்தில், லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களில் ஒன்று பலியிடப்படும். மற்றதன் தலையில் மக்களின் பாவங்கள் எல்லாம் சுமத்தப்பட்டு, அது வனாந்தரத்துக்குத் துரத்தப்படும். தமிழ் விவிலியம் இந்த இரண்டாவது கடாவைப் 'போக்காடு' என்று அழைக்கிறது. நாம் வழக்கமாகச் சொல்லும் 'பலிகடா' என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை. பலிகடாவின் கதை வெட்டோடு முடிந்துவிடுகிறது. போக்காடு உயிரோடு போகிறது, சுமத்தப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போகிறது. மீட்சி என்ற பேச்சுக்கே இடம் கிடைப்பது அதனால்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் 'பழி சுமப்பவர்' என்றே எழுதுகிறேன்.

திட்டு வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் பழி சுமப்பவர்கள் அல்லர் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கண்டிப்பான அப்பா எல்லாப் பிள்ளைகளையும் கண்டிக்கிறார். தவறு திருத்தப்பட்டால் கண்டிப்பும் நின்றுவிடும். பழி சுமத்தலில் பங்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அண்ணன் தொழிலில் பத்து லட்சம் இழந்தால் அது நேரம் சரியில்லாததால்; தம்பி ஆயிரம் ரூபாய் இழந்தால் அது அவன் புத்தி. அவன் நன்றாகச் செய்த காரியம் கவனிக்கப்படாது, கவனிக்கப்பட்டாலும் தற்செயல் என்று தள்ளப்படும். வீட்டில் உண்மையாகவே நடக்கும் தவறை, அப்பாவின் குடியையோ மறைக்கப்பட்ட கடனையோ, முதலில் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைக்கே இந்தப் பங்கு விழுவதும் உண்டு. பெண்ணாகப் பிறந்தது, சாதகத்தில் சொல்லப்பட்ட ஏதோ ஒன்று, பிறந்த சமயத்தில் பாட்டன் இறந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மருமகளுக்கு என்றால் 'வந்த நேரம்' என்ற ஒரு சொல்லே போதும்.

கொங்குப் பகுதியில் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே குடும்பம் என்பது பல வீடுகளில் தொழிலும் கூட. தோட்டம், விசைத்தறி, பனியன் கம்பெனி, ஃபைனான்ஸ், கோழிப்பண்ணை என்று அண்ணன் தம்பிகள் ஒரே முதலீட்டில் நிற்கிறார்கள். அப்பன் நாளைக்குச் சொத்தை யாருக்கு எழுதுவார் என்ற கேள்வி ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒவ்வொரு வசவுக்கும் பின்னால் இருக்கிறது. 'பொறுப்பில்லாதவன்' என்று ஒருவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டால், கணக்கு வழக்கில் அவனை விலக்கி வைப்பது நியாயமாகத் தோன்றத் தொடங்கும். பழிக்குப் பின்னால் எப்போதும் சொத்து இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டு விளக்கங்களைப் படிக்கும் நம் வாசகர் இந்தக் கோணத்தை அவற்றில் அதிகம் காணமாட்டார் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

நெடுங்காலம் இப்படி நடத்தப்பட்டவருக்கு என்ன ஆகிறது? குற்றமில்லாத இடத்திலும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் வருகிறது. தன் நினைவையே சந்தேகிக்கும் நிலை வருகிறது. கைப்பேசியில் வீட்டு எண் தெரிந்தவுடன் வயிறு கலங்குகிறது. அலுவலகத்தில் மேலாளர் ஒரு பிழையைச் சுட்டினால்கூட வேலையே போய்விட்டதாக மனம் முடிவு கட்டுகிறது. குடும்பப் பழி என்பது மனநல நோய்ப் பட்டியல்களில் உள்ள நோயின் பெயர் அல்ல. அது ஒருவருக்கு நடந்ததன் பெயர். ஆனால் நீண்ட கால, தப்பிக்க இயலாத துன்புறுத்தலின் விளைவாக வரக்கூடிய சிக்கலான அதிர்ச்சிப் பின்விளைவுக் கோளாறை உலக சுகாதார நிறுவனம், 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11 பட்டியலில் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. அது தனக்கு இருக்கிறதா என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர்தான் சொல்ல முடியும்; காணொளியின் கீழே உள்ள பத்துக் கேள்விகளால் சொல்லிவிட முடியாது.

சரி, இதற்கு ஏன் இணையம்? கோபியிலோ காங்கேயத்திலோ தோட்டத்துச் சாளையில் வாழும் ஒருவர் தன் மனக்குறையை யாரிடம் சொல்வார் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். பக்கத்துத் தோட்டம் பங்காளியுடையது. மருந்துக்கடைக்காரர் மாமன் முறை. பள்ளி ஆசிரியை அம்மாவோடு படித்தவர். மத்தியானம் சொன்னது பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, 'ஊரெல்லாம் போயி எங்கள அசிங்கப்படுத்தறா' என்ற அடுத்த பழியாக மாறும். சுற்றிலும் எல்லாக் காதுகளும் உறவின் காதுகளாக இருக்கும் இடத்தில், இணையம்தான் பலருக்குக் கிடைக்கும் முதல் வெளியாள்.

ஆனால் அந்த வெளியாளை அணுகும் கருவி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் தேடலுக்கு முன் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியும் உங்கள் கைப்பேசியும் ஒரே கூகுள் கணக்கில் இருந்தால், இரவு நீங்கள் பார்த்த காணொளியின் தொடர்ச்சி மறுநாள் காலை கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும். குடும்பத்தார் அறியாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்திவைப்பது எளிது. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தம்பியின் கணினியிலோ கம்பெனிக் கணினியிலோ உங்கள் கணக்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 'இன்காக்னிட்டோ' எனப்படும் மறைமுக உலாவல் முறை தேடிய பக்கங்களின் வரலாற்றைச் சேமிக்காமல் விடும். ஆனால் தரவிறக்கிய கோப்பும் திரைப்பிடிப்பும் கைப்பேசியிலேயே கிடக்கும். உதவி எண்ணை அழைத்தால் அது அழைப்புப் பட்டியலில் நிற்கும். ஆலோசனைக் கட்டணத்தை அண்ணன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினால், செலுத்திய நொடியிலேயே விசாரணை தொடங்கிவிடும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தாம். ஆனால் ஒரு முறை அகப்பட்டுக்கொண்டவர் மறுபடி உதவி தேட ஆண்டுக்கணக்காகலாம் என்பதால் நான் இவற்றை முதலிலேயே வைக்கிறேன்.

அடுத்த தடை மொழி. தமிழில் 'பலிகடா' என்று தேடினால் பெரும்பாலும் அரசியல் செய்திகளே எதிரே வரும். இந்தப் பொருளில் ஆழமான எழுத்தும் பேச்சும் இன்னும் ஆங்கிலத்தில்தான் அதிகம். ஆங்கிலம் ஓரளவு படிப்பவர் மாண்டவில் வைத்த பெயரை ஆங்கில எழுத்தில் (family scapegoating abuse) இட்டுத் தேடலாம்; படிக்கச் சிரமப்படுபவர் யூடியூபில் தானியங்கி வசன வரிகளைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த மொழிபெயர்ப்பைக் கவனத்தோடு கையாள வேண்டும். 'பவுண்டரி' என்ற சொல் 'எல்லை' என்று வந்து நிற்கும். நம் ஊரில் எல்லை என்றவுடன் சர்வேயரும் கல்லும்தான் நினைவுக்கு வருவார்கள். அங்கே அது குறிப்பது, என்னிடம் எந்தப் பேச்சைப் பேசலாம், எதைப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன் என்பதைத் தீர்மானித்து அதன்படி நடப்பதை. தமிழில் தேடும்போது 'குடும்ப வன்முறை', 'உணர்வு ரீதியான வன்முறை', 'பெற்றோர் பாகுபாடு', 'மனநல ஆலோசனை' என்ற சொற்களை முயன்று பார்க்கலாம். பரிகாரக் காணொளிகளும் இடையிடையே வந்து நிற்கும். பழியைப் பிதுர் தோஷம் என்று வேறு பெயரில் திருப்பி அதே ஆள் தலையில் கட்டுபவையாக இருந்தால், அவற்றைக் கடந்து போய்விடுவதே நல்லது.

ஆங்கில எழுத்துகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. மூன்றாம் ஆள் வழியாகவே செய்தி அனுப்புவதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அறியும்போது, அம்மா ஏன் எதையும் நேரில் சொல்லாமல் சித்தி மூலமாகவே சொல்லி அனுப்பினார் என்பது புரிகிறது. ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டினார்: தவறு செய்தவர் முதலில் மறுப்பார், பிறகு கேட்டவரைத் தாக்குவார், முடிவில் தானே பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். 'நீங்க ஏன் அன்னைக்கு என்னய அடிச்சீங்க?' என்று கேட்கப்போன மகள், அரை மணி நேரத்தில் அப்பாவின் நெஞ்சுவலிக்குத் தானே காரணமாகி நிற்பது ஏன் என்பதை இந்த வரிசை சொல்லிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் எழுதிய 'தெளிவற்ற இழப்பு' பற்றிய விளக்கமும் அப்படிப்பட்டது. செத்தவர்களுக்குப் பந்தல் உண்டு, ஒப்பாரி உண்டு, கருமாதி உண்டு. உயிரோடு இருந்தும் நமக்கு இல்லாமல் போன தாய் தகப்பனுக்கு எந்தச் சடங்கும் இல்லை. அதனால் அந்தத் துக்கம் முடிவதற்கும் நாள் இல்லை. தன் துயரத்துக்கு ஒருவர் இவ்வளவு துல்லியமாகப் பெயர் வைத்திருக்கிறார் என்று கண்டு நள்ளிரவில் அழுதவர்களை நான் அறிவேன். அந்த அழுகை வீணல்ல.

எடுத்துக்கொள்ளக் கூடாதது என்று நான் கருதுவது, அங்கே அடிக்கடி சொல்லப்படும் தீர்வை அப்படியே. குடும்பத்தோடு முற்றாகத் தொடர்பறுத்தல் என்பது பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போவதும், தனி வாடகை வீட்டில் வாழ்வதும், திருமணத்துக்குப் பெற்றோர் தேவைப்படாததும் இயல்பாக உள்ள சமூகத்தில் பிறந்த யோசனை. அங்கேயும் அது எளிதல்ல. இங்கே குலதெய்வக் கோயில் ஒன்று, காணி ஒன்று, பொதுக் கிணறு ஒன்று. மகளின் கல்யாணத்தில் சீர் செய்யத் தாய்மாமன் வேண்டும், அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்குத் தங்கை வேண்டும். முற்றாக அறுத்துக்கொண்டவர் பிறந்த வீட்டோடு சேர்த்துத் தம் பிள்ளைகளின் முறைகளையும் இழக்கிறார். அடியும் உயிராபத்தும் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, வெளியேறத்தான் வேண்டும். ஆனால் மற்ற இடங்களில், முழுத் தொடர்பு, முழு அறுப்பு என்ற இரண்டே வழிகள்தாம் உள்ளன என்று நம்பி, இரண்டும் முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு நம் பேச்சு வழக்கே ஒரு வழி வைத்திருக்கிறது. 'அவிங்க ஊட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லீங்க' என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் அதற்கு மேல் காரணம் தோண்ட மாட்டார். 'நல்லதுக்குப் போறதில்ல, கெட்டதுக்கு மட்டும் போவோம்' என்பது ஒரு படி. 'கோயல்ல பாத்தாப் பேசிக்குவோம், ஊட்டுக்குள்ள போறதில்ல' என்பது இன்னொரு படி. பங்காளிச் சண்டைகளுக்கு நடுவே வாழ்ந்து பழகிய இந்தச் சமூகம், உறவை அளந்து வைத்துக்கொள்ளும் நுட்பத்தைத் தலைமுறைகளாக அறிந்திருக்கிறது. வீடுகளுக்கு இடையே இருக்கும் இந்த அளவை, தனி மனிதர் தமக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதே நான் சொல்ல விரும்புவது. முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து, பந்தியில் சாப்பிட்டு, முதல் பேருந்தில் கிளம்பிவிடுவது ஓர் அளவு. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், உடல்நலம் பற்றி மட்டும் பேசுவது ஓர் அளவு. ஆங்கிலத்தில் இதைக் குறைந்த தொடர்பு என்கிறார்கள். நம்மிடம் அதற்கு இன்னும் செறிவான வழக்கு இருக்கிறது. படித்ததை எல்லாம் இப்படி நம் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பதுதான் இணையத்தைப் பயன்படுத்துவது. பார்த்துக்கொண்டே இருப்பது வேறு.

பார்த்துக்கொண்டே இருப்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 'நார்சிசிஸ்ட் அம்மா' என்று ஒரு காணொளியைப் பார்த்தவருக்கு அடுத்த வாரம் முழுவதும் அதுவே வரும். தன்மோகக் கோளாறு என்பது நேரில் பலமுறை மதிப்பிட்டுச் சொல்ல வேண்டிய நோய். வீட்டில் உள்ளவருக்குக் காணொளியின் துணையோடு அந்தப் பெயரைச் சூட்டுவதால் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அம்மா செய்தது தவறு என்று சொல்ல அம்மாவுக்கு நோய் இருக்க வேண்டியதில்லை. 'முப்பது நாளில் மீட்சி' என்று பணம் கேட்கும் வகுப்புகள், முன்பணம் கட்டினால் மட்டுமே ரகசியக் குழுவில் சேர்ப்பவர்கள், கேட்டவுடன் எல்லாரிடமும் உறவை அறுக்கச் சொல்பவர்கள் ஆகியோரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு உடம்பு தளர்கிறதா, இன்னும் இறுகுகிறதா என்று கவனித்து, இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நான் கண்டவரை உதவியிருக்கிறது. இதே அனுபவமுள்ளவர்களின் குழுக்களில் படிப்பது ஆறுதல் தரும். எழுதும்போது ஊரை மறைத்தால் மட்டும் போதாது. 'கவுந்தப்பாடிப் பக்கம், மஞ்சக்காடு, மூணு பொண்ணுல நான் நடுப்புள்ள' என்ற ஒரு வரியே நம் பகுதியில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடும்போது இணையம் மிகவும் உறுதியான உதவியைத் தருகிறது. 'ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை வைத்துக்கொள்ள முடிகிற நாட்டில், மருத்துவ உளவியலாளர் என்று பணிபுரிபவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் மையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிந்த மருத்துவர். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு காணொளி வழியாக மருத்துவரைக் கலந்தாலோசிப்பதற்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. தாராபுரத்தில் இருந்துகொண்டே சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள, நம் சாதி சனத்தை அறியாத ஒருவரிடம் பேசலாம் என்பது பழி சுமப்பவருக்குப் பெரிய விடுதலை. முதல் அமர்வில் 'குடும்பத்துல எல்லாத்துக்கும் என்னயே காரணம் சொல்வாங்க, இதப் பத்தி உங்களுக்குப் பழக்கம் உண்டுங்களா?' என்று நேராகக் கேளுங்கள். 'என்ன இருந்தாலும் பெத்தவங்க' என்பது மட்டுமே பதிலாக வந்தால், வேறு ஒருவரைத் தேட உங்களுக்கு உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பற்றிய தகவலை இரகசியமாக வைக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர் மேல் வைக்கிறது என்பதையும் அறிந்திருங்கள்.

பணம் இல்லாதவர்கள் 14416ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் எண்ணை அழுத்தாமலேயே விட்டுவிடுகிறார்கள். 'எனக்குக் கொஞ்ச நாளாத் தூக்கமில்லீங்க, ஊட்டுல நடக்கறதப் பத்தி யாருகிட்டயாச்சும் பேசணும்' என்ற அளவு போதும். அரசின் இ-சஞ்சீவனி செயலி வழியாகவும் மருத்துவரைக் கட்டணமின்றி அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு நடக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 அல்லது சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்னேகாவின் 044-24640050 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

எழுதி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். எழுதிய அன்று அவர்கள் மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு பலன் தரும் மருந்து அல்ல இது. ஆனால் தன் நினைவையே நம்ப முடியாமல் ஆக்கப்பட்டவருக்கு, நடந்ததை அதே நாளில் தேதியோடு எழுதிவைப்பது வேறொரு பயனும் தரும்: 'அப்படி ஒண்ணும் நடக்கவே இல்ல' என்று பிறகு சொல்லப்படும்போது, திருப்பிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் வீட்டார் திறக்க முடியாத இடத்தில், கடவுச்சொல் உள்ள குறிப்புச் செயலியிலோ அலுவலக மேசையிலோ இருக்கட்டும். அதைக் குடும்பத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்ற ஆசை வரும்; பெரும்பாலும் அது மேலே சொன்ன அந்த மூன்று படி வரிசையில்தான் போய் முடியும்.

சட்டமும் இணையத்தில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் வீட்டுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். இரத்த உறவால் ஒரே வீட்டில் வாழ்பவர்களையும், வாழ்ந்தவர்களையும் அது உள்ளடக்குகிறது. சொல்லாலும் உணர்வாலும் செய்யும் துன்புறுத்தலையும் அது வன்முறை என்கிறது. எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டது. ஆகவே மகள் ஒருத்தி அப்பா, அண்ணன் மீது மட்டுமின்றிப் வீட்டிலுள்ள பெண்கள் மீதும் பாதுகாப்பு கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும், பாதுகாப்பு அலுவலரும் இதற்கான வாசல்கள். ஆண்கள் இந்தச் சட்டத்தில் மனுச் செய்ய முடியாது என்பது உண்மை. சட்ட ஆலோசனைக்கு அவர்களும் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

பல ஆண்டு பேசாத குடும்பம் திடீரென்று அன்பாக அழைத்தால் மனம் நெகிழும், நெகிழட்டும். ஆனால் அழைப்போடு விடுதலைப் பத்திரமும் கையெழுத்தும் வருகிறதா என்று பாருங்கள். இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு. தமிழ்நாடு 1989இலேயே அதற்கு வழி திறந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் வந்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் மேலும் உறுதியாக்கியது. அப்பா தாமே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதலாம் என்பதும் சட்டமே. எது எது என்று அறிய, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம், பட்டா சிட்டாவையும் பார்க்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுகிறேன் என்று சொல்வதே, சிலருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்லும் 'இல்லை' ஆக இருக்கும்.

இதுவரை பழி சுமப்பவரை நோக்கியே எழுதினேன். இதைப் படிப்பவர்களில் பலர் அந்த வீட்டின் மற்றவர்களாக இருப்பீர்கள்: அத்தையாக, பெரியம்மாவாக, சடங்குகளில் முதல் மரியாதை பெறும் தாய்மாமனாக. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதைக் கண்டால் 1098ஐ அழைக்க நீங்கள் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்குப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். வளர்ந்தவராக இருந்தால், அவர் கண்டதை நீங்களும் கண்டீர்கள் என்று சொல்வதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

என் அத்தை மீது திருட்டுப் பழி விழுந்த நாளில் எனக்கு ஒன்பது வயது. அந்தப் பணத்தை யார் எடுத்தார் என்பதைத் திண்ணையிலிருந்து நான் பார்த்திருந்தேன். எடுத்தவர் வீட்டில் எல்லாரும் மதித்த ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அத்தை இருபத்தாறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். கடைசி ஏழு ஆண்டுகள் அவர் கையில் ஒரு கைப்பேசியும் இருந்தது, அந்த எண் என்னிடமும் இருந்தது. 'நீங்க எடுக்கலைங்கறது எனக்குத் தெரியுங்கத்த' என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம்.